அரைக்காத சாமுவேல்

காரமடை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் என் ஸ்பேர்ஸ் கடை, அந்தப் பக்கம் சாமுவேலின் ஒர்க்‌ஷாப். மேட்டுப்பாளையம் ரயிலுக்காகக் கேட்டைச் சாத்தும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஒன்று நான் அங்கே இருப்பேன், அல்லது அவர் இங்கே இருப்பார். பேசுவது நான்தான். அவர் கேட்டுக்கொண்டிருப்பார், நடுவில் ஒரு தடவை "பார்க்கலாங்க" என்பார். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டே மனிதர் தொண்ணூறுகள் முழுக்கத் தொழில் நடத்திவிட்டார்.

ஊரில் அவருக்கு அரைக்காத சாமுவேல் என்று பெயர். அது ஏன் என்று சொல்லவேண்டுமானால் வால்வைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். வால்வு என்பது அரைச் சாண் கம்பியின் முனையில் ஒரு வட்டத் தட்டை ஒட்டவைத்ததுபோல் இருக்கும் சாமான். இன்ஜினின் தலைப்பகுதியை எங்கள் ஊரில் ஹெட்டு என்போம். அந்த ஹெட்டில் வால்வு உட்காரும் வளையத்துக்குச் சீட்டு என்று பெயர். இரண்டும் இடுக்கில்லாமல் பொருந்தினால்தான் இன்ஜினுக்கு மூச்சுப் பிடிக்கும். பொருந்தவில்லை என்றால் நடுவில் மணல் மாதிரி ஒரு பேஸ்ட்டைத் தடவி, வால்வை ரப்பர் குச்சியில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மத்துபோல் உருட்டுவார்கள். உருட்ட உருட்ட இரண்டும் தேய்ந்து ஒன்றோடொன்று சேரும். இதுதான் வால்வு அரைப்பது. அந்தப் பேஸ்ட்டை டப்பா டப்பாவாக விற்றவன் நான். டப்பாவின் ஒரு பக்கம் கரகரப்பான பேஸ்ட், மறுபக்கம் நைஸ்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஹெட்டை எதற்காகக் கழற்றினாலும் சரி, மாட்டுவதற்கு முன்னால் வால்வை அரைத்தாக வேண்டும். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தகடு போனாலும் அரைக்க வேண்டும், ஆயிலில் தண்ணீர் கலந்தாலும் அரைக்க வேண்டும், சும்மா ஒரு தடவை திறந்து பார்த்தாலும் அரைக்க வேண்டும். அரைக்காமல் மூடினால் வண்டிக்காரருக்கு மனசு ஆறாது, விருந்துக்குக் கூப்பிட்டுப் பாயசம் போடாமல் அனுப்பிய மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சாமுவேல் மட்டும் அப்படிச் செய்யமாட்டார். ஹெட்டைச் சாய்த்து நிறுத்தி, உள்துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று பார்ப்பார். கசியவில்லை என்றால் அரைக்கமாட்டார். எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார். வண்டிக்காரர்கள் அவரைச் சோம்பேறி என்றார்கள். நானும் என் பங்குக்கு, "இந்தக் கேட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து என் கடைக்கு நஷ்டம் உண்டாக்கற ஒரே மெக்கானிக் நீங்கதாங்க" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. சாமுவேலின் அப்பா காட்டு வேலைக்கு, அதாவது விவசாயக் கூலிக்குப் போனவர். ஊருக்கு மேற்கே ஒரே பண்ணையில்தான் அவருக்குக் கடைசிவரை வேலை. மகன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தார். அங்கே அவரை உட்காரவைத்து வால்வு அரைக்கச் சொன்னார்கள். வேறு எதையும் தொடவிடவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதேதான், வருஷக்கணக்கில். "நான் அரைச்ச அரைப்புக்கு மாவா இருந்திருந்தா ஒரு ஊருக்கே தோசை ஊத்தியிருக்கலாங்க" என்று அவர் ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நகைச்சுவை அது.

ஒருநாள் ஷெட்டின் பின்பக்கம் ஒன்றுக்குப் போனபோது பழைய இரும்புக் குவியலில் ஹெட்டுகள் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் சீட்டெல்லாம் குழியாக இறங்கிக் கிடந்தன. வால்வு உட்கார்ந்தால் உள்ளே முங்கிப்போகிற அளவுக்குக் குழி. ஒவ்வொரு தடவை இன்ஜின் திறந்தபோதும் தேவையோ இல்லையோ அரைத்து அரைத்தே அந்த ஹெட்டுகள் செத்துப் போயிருந்தன. அத்தனையும் தன் கை வேலை என்று அவருக்குத் தெரிந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. அவருக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நன்றாக உட்கார்ந்திருப்பதை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்ததாக என்னிடம் சொன்னார்.

அவர் மனைவி மெர்சி ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். ஓடுகிற கதிரில் நூல் அறுந்தால் நாலு மிஷின் தள்ளி நின்றே கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. மில்லை மூடியதும் இருவரும் காரமடைக்கு வந்து ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் ஒர்க்‌ஷாப் போட்டார்கள். பின்பக்கம் வீடு. சாமுவேல் பேசாத பேச்சையெல்லாம் மெர்சி பேசிவிடுவார், அதனால் வீட்டுக்கு மொத்தத்தில் பேச்சுக் குறைவில்லை.

இனி பாலுசாமி. சாமுவேலின் அப்பா வேலை செய்த அந்தப் பண்ணையின் இப்போதைய வாரிசு அவர்தான். பண்ணை என்றால் பாலுசாமியின் அப்பா காலத்துப் பண்ணை இல்லை. பங்கு பிரிந்து, கிணறு வற்றி, மிச்சம் இருந்த காட்டில் கறிவேப்பிலை போட்டிருந்தார். கறிவேப்பிலை நல்ல வெள்ளாமைதான், ஆனால் வெட்டின அன்றே போய்ச் சேரவேண்டும். வாடினால் கறுக்கும். காட்டுக்கே வந்து வாங்கும் வியாபாரி அது வாடும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, வாடின பிறகு விலை சொல்வான். அந்த ஆள் கையைப் பார்த்து நிற்கப் பிடிக்காமல் பாலுசாமி ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். நாலு கை மாறி வந்த வேன். ஈரப் படுதாவில் இலையைச் சுற்றி ஏற்றிக்கொண்டு அவரே கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு ஓட்டினார். நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார். வேன் நின்றுபோனால் அவருக்கு இரண்டே வழி. ஒன்று, பழைய வியாபாரி. இன்னொன்று, பெருந்துறையில் மில் வைத்திருந்த மச்சான். அந்த மச்சான் பார்க்கும்போதெல்லாம் காட்டை விட்டுப்போட்டு என் மில்லுக்கு வந்து கணக்குப் பாரு மாப்பிள்ளை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பாலுசாமி வேனுக்குத் தினமும் விபூதி வைத்தார் என்று நினைக்கிறேன்.

அவரைப்போல மரியாதைக்காரரை நான் பார்த்ததில்லை. ஆட்டைக் கூட 'அக்கட்டால போங்க' என்று விரட்டுவார். இன்னொரு குணம், அவரால் சும்மா உட்கார முடியாது. என் கடையில் ஒரு பேரிங்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஷெல்பைத் துடைத்துவிட்டுப் போனவர்.

அந்த வேன் ஒரு தைமாதம் பொகையைக் கக்கிக்கொண்டு சாமுவேலின் ஷெட்டுக்கு வந்தது. கேஸ்கெட் போயிருந்தது. ஹெட்டைக் கழற்றிய சாமுவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தைய நாலு கையிலும் நாலு மெக்கானிக்குகள் அரைத்து முடித்திருந்தார்கள். வால்வெல்லாம் ஏற்கெனவே இறங்கித்தான் உட்கார்ந்திருந்தன. சீட்டுக்குப் புது வளையம் போடலாமா என்று லேத்துக்காரரிடம் காட்டினோம். இரண்டு சீட்டுக்கு நடுவே மயிரிழை விரிசல் இருக்கிறது, குடைந்தால் பிளந்துவிடும் என்று கையைக் கழுவிவிட்டார். வேறு ஹெட்டு கிடைக்குமா என்று எஸ்டிடி பூத்தில் நின்று கோயமுத்தூர், ஈரோடு என்று நான் போன் போட்டேன். அந்த மாடல் நின்று பல வருஷம் ஆகிவிட்டது, பழைய இரும்புக் கடையில் தேடுங்கள் என்றார்கள். ஆக இந்த ஹெட்டு போனால் வேன் போச்சு, வேன் போனால் பெருந்துறை மச்சான்.

நல்லவேளையாக மண்ணெண்ணெய் நின்றது. எட்டு வால்விலும் ஒரு பொட்டு ஈரம் கூடக் கசியவில்லை. சாமுவேல் பாலுசாமியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கெரசின் நிக்குதுங்கண்ணா. ஒவ்வொரு வால்வும் அதது எடத்துல நல்லா உக்காந்திருக்குது. அப்படியே மாட்டிப்போட்டா இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடுமுங்க. அரைச்சா எனக்குப் பயமா இருக்குது. அரைக்க வேண்டாங்க."

பாலுசாமி தயங்கினார். வருகிற வழியில் இரண்டு பேர் வால்வை அரைக்காமல் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடைசியில், "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

அரைக்காவிட்டாலும் வால்வுகளை வெளியே எடுக்கவேண்டி இருந்தது, அவற்றின் தண்டில் மாட்டும் ரப்பர் ஆயில் சீல்கள் காய்ந்து போயிருந்தன. சாமுவேலுக்கு அதற்கென்று ஒரு முறை உண்டு. மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டியின் மூடியில் எட்டு ஓட்டை போட்டு, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக வால்வுகளைச் செருகி வைப்பார். எந்த வால்வு எந்தச் சீட்டுடையது என்பதற்கு அந்த மூடிதான் சாட்சி. ஒரு சீட்டோடு தேய்ந்து பழகின வால்வு வேறு சீட்டில் சேராது, கசியும். சில மெக்கானிக்குகள் வால்வின் தலையில் ஆணிப்புள்ளி குத்தி வைப்பார்கள். சாமுவேல் தனியாக வேலை செய்கிறவர், யார் கலைக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

மூடியை மேஜைமேல் வைத்துவிட்டு ஆயில் சீல் வாங்க என் கடைக்கு வந்தார். மெர்சி ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஷெட்டில் பாலுசாமி மட்டும்.

சீலை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கேட்டைத் தாண்டிப் போனோம். வாசலில் கால் வைத்ததுமே மேஜையைப் பார்த்தேன், மூடியைக் காணோம். எட்டு வால்வும் வெள்ளிப் பாத்திரம்போலப் பளபளவென்று ஒரு சாக்கின்மேல் படுத்திருந்தன. பெரியதெல்லாம் ஒரு பக்கம், சிறியதெல்லாம் ஒரு பக்கம், பார்க்க அத்தனை ஒழுங்கு. பாலுசாமி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கடைசி வால்வைத் தன் தோள்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஊறின அட்டை மூடியை நாலாக மடித்துக் குப்பைக் கூடையிலும் போட்டிருந்தார். கரி இருந்திருந்தாலாவது எது எங்கே இருந்தது என்று கொஞ்சம் தடம் தெரிந்திருக்கும். தடமே இல்லாமல் தேய்த்திருந்தார்.

"சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருந்துச்சுங்க" என்றார் பாலுசாமி. "அதான் கழுவிப்போட்டனுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு வாயைத் திறந்தேன். சாமுவேல் என் மணிக்கட்டைப் பிடித்தார். குனிந்து ஒரு வால்வை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா கழுவியிருக்கறீங்கண்ணா" என்றார். பிறகு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் கொட்டித் தீர்த்தேன். ஒன்று அந்த ஆளிடம் செய்த காரியத்தைச் சொல்லுங்கள், இல்லையென்றால் எட்டையும் அரைத்து மாட்டி அனுப்புங்கள், ஹெட்டு போனால் அவர் தலையெழுத்து என்றேன். சாமுவேல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறி அவலாகப் போன பிறகுதான் வாய் திறந்தார்.

"அவங்கப்பா எங்கப்பனுக்கு ஒரு சாமானைக் கையில குடுத்ததில்லைங்க. தூக்கித்தான் போடுவாரு. இவரு வந்து நம்ம பட்டறையில, தரையில உக்காந்து, தோள்ல கெடந்த துண்டுல தொடச்சு வச்சிருக்கறாரு. அதைத் தப்புன்னு நான் எப்படிங்க சொல்றது?"

அப்படியானால் அரைக்கத்தானே வேண்டும் என்று முணுமுணுத்தேன்.

"பார்க்கலாங்க" என்றார்.

அவர் எடுத்த முடிவு இதுதான். அரைப்பதற்கு முன்னால், எந்த வால்வு எந்தச் சீட்டுக்குப் பிறந்தது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தேடுவது. மற்ற மெக்கானிக்காக இருந்தால் மத்தியானச் சோற்றுக்குள் அரைத்து முடித்திருப்பார். சாமுவேல் என் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கி, வால்வின் ஓரத்தில் குறுக்கே மெல்லிய கோடுகள் போட்டு, சீட்டில் வைத்து லேசாகத் திருப்பி எடுத்தார். சுற்றிலும் எல்லாக் கோடும் அழிந்தால் பொருத்தம். இரண்டு கோடு மிஞ்சினால் அடுத்த சீட்டு. கோடு அழிந்தது என்றால் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கவேண்டும்.

ரேஷனிலிருந்து வந்த மெர்சி தன் மண்ணெண்ணெய் கேன் பாதியாகியிருப்பதைப் பார்த்து, இந்த மாசம் அடுப்புக்கு வால்வை வைத்து எரிக்கலாமா என்று கேட்டார். சாமுவேல் அவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். மெர்சியின் முகம் மாறியது. கீழே ஒரு அகலப் பாத்திரத்தை வைத்து, வழிகிறதைப் பிடித்து, துணியில் வடிகட்டி, திரும்பக் கேனில் ஊற்றத் தொடங்கினார்.

பாலுசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தார். சாமுவேல் அவரிடம், மாட்டுவதற்கு முன் டெஸ்ட் செய்ய வேண்டும், கொஞ்சம் டார்ச் அடிக்க முடியுமா என்று கேட்டார். பாலுசாமிக்குப் பெரிய சந்தோஷம். ஹெட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் காட்டினார். தான் கலைத்துப் போட்டதைத்தான் தேடுகிறார்கள் என்று தெரியாமலே அந்த மனிதர் பகல் முழுக்க டார்ச் பிடித்தார். கடையை வேலைக்கு இருந்த பையனிடம்கூட விடவில்லை நான், ஷட்டரை இறக்கிவிட்டு வந்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பெரிய வால்வுகள் ஒவ்வொன்றாக வீடு சேர்ந்தன. ஒன்றில் கடுகளவு பள்ளம் இருந்தது. அதே அளவு வடு ஒரு சீட்டில் இருப்பதை மெர்சிதான் தன் மில் கண்ணால் கண்டுபிடித்தார். சிறியவற்றிலும் இரண்டு பொருந்திவிட்டன. மிச்சம் இரண்டு. இப்படி மாற்றிப் போட்டாலும் ஈரம், அப்படி மாற்றிப் போட்டாலும் ஈரம். நிறைய இல்லை, வியர்வை பூப்பதுபோல் ஒரு பூப்பு.

பாலுசாமிதான் முதலில் பார்த்தார். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார்.

"இதுல கசியுதுங்களே. காலையில நின்னுதுன்னு சொன்னீங்கல்லங்க?"

மெர்சி பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன்.

"சில சமயம் கரியே ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்குமுங்கண்ணா" என்றார் சாமுவேல். "நீங்க கழுவுனதுனாலதான் தெரிஞ்சுது."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர் அவர். அதுவரை அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாலுசாமி மெதுவாகத் தலையாட்டினார், தான் ஒரு உபகாரம் செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

பிறகு சாமுவேல் என் பக்கம் திரும்பினார். "பேஸ்ட் ஒன்னு குடுங்க."

இந்த வார்த்தைக்காக நான் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தேன். அந்த நாள் வந்தால் தேங்காய் உடைப்பேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். கேட்டைத் தாண்டி ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கி, டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை.

அவர் நைஸ் பக்கத்தை மட்டும் திறந்தார். நகக்கண்ணில் ஒட்டும் அளவு எடுத்து, ஆயிலில் குழைத்து, வால்வின் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் வைத்தார். ரப்பர் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினார். பஸ் ஷெட்டில் பழகின கை, எத்தனையோ வருஷம் கழித்தும் அது ஒரு தாளத்தில் போனது. கொஞ்சம் உருட்டுவதும், தூக்கித் துடைத்துப் பார்ப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தார். சீட்டில் சாம்பல் நிறத்தில் நூலளவு ஒரு வளையம் விழுந்தது. அந்த வளையம் பட்டையாகும்வரை உருட்டினால்தான் மற்றவர்களுக்குத் திருப்தி. சாமுவேல் நூல் முழு வட்டமாகச் சேர்ந்த அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் உருட்டலாமே என்று எனக்கே நாக்கு துறுதுறுத்தது. இரண்டாவதையும் அப்படியே முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்.

நாலு பேரும் குனிந்து பார்த்தோம். ரயில் ஒன்று வந்து, நின்று, போய்விட்டது. கசியவில்லை.

மெர்சி காபி போட உள்ளே போனார். சாமுவேல் புள்ளி குத்தும் கூராணியை எடுத்து, வால்வுகளின் தட்டையான தலையில் வரிசைப்படி புள்ளி குத்தினார். முதலாவதுக்கு ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு, அப்படியே. அவர் புள்ளி குத்தி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது எதுக்குங்க?" என்றார் பாலுசாமி.

"அடுத்த தடவைக்கு எது எந்த எடம்னு தெரியோணுமில்லைங்க" என்றார் சாமுவேல், வேலையில் கண்ணை வைத்தபடியே.

நான் பாலுசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வால்வைப் பார்த்தார். காலையில் தான் வால்வுகளைக் கழுவின மண்ணெண்ணெய்ப் பேசினைப் பார்த்தார். பிறகு குப்பைக் கூடையைப் பார்த்தார், அதில் மடித்துப் போட்ட அட்டை மூடியின் ஓட்டைகள் தெரிந்தன. டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தார். கரி படிந்த தோள்துண்டை எடுத்துச் சிறியதாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் வேன் தொட்டதும் கிளம்பியது. இலை வாடாமல் மார்க்கெட் போனது. பெருந்துறைக்காரர் அந்த வருஷமும் சிரித்துவிட்டு மட்டும் போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. பாலுசாமி அதற்குப் பிறகும் ஆயில் மாற்ற, பிரேக் பார்க்க என்று வருவார். வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொள்வார். காலடியில் ஒரு நட்டு உருண்டு வந்தாலும் எடுக்கமாட்டார். "ஏனுங்க, இங்க ஒன்னு கெடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டியபடியே இருப்பார். மெர்சிக்குக் கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை கொண்டுவந்து தருவார், அதையும் வாசலில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். என் கடை ஷெல்பைத் துடைத்த மனிதர், ஏதோ தொடக்கூடாத வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றார் சாமுவேல் ஒருநாள் என்னிடம். "நேரா சொல்லியிருந்தாக் கூட இவ்வளவு வலிச்சிருக்காதுங்களோ என்னவோ."

எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். அந்த அக்குள் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருஷம் மாசித் தேர் முடிந்த வாரம், வேன் மறுபடி பொகை விட்டது. மறுபடி ஹெட்டு இறங்கியது. சாமுவேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், நின்றது. சீல்தான் போயிருந்தது. வால்வுகளைக் கழற்றினார். ஆனால் இந்த முறை அட்டை மூடியைத் தேடவில்லை. எட்டையும் ஒரே பேசினில் கலகலவென்று கொட்டினார். பெரிதும் சிறிதும் கரியும் கசடுமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றி, பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பாலுசாமியின் முன்னால் வைத்தார்.

"சும்மா உக்காந்திருக்கறீங்களேண்ணா. இதைக் கழுவிக் குடுங்க."

பாலுசாமி பேசினையே பார்த்தார். கைகள் அக்குளை விட்டு வரவில்லை.

"கலந்துருமுங்களே" என்றார். அந்த நாளைப் பற்றி அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

"கலக்கட்டுங்க. புள்ளி இருக்குதல்லங்க" என்றார் சாமுவேல். "கரி மூடிக் கெடக்குது. யாராவது கழுவுனாத்தானுங்க தெரியும்."

பாலுசாமி ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தோளிலிருந்து துண்டை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு பேசினுக்குள் கையை விட்டார். கண் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் நெடியாக இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து மெர்சி சொல்லிவைத்தார்.

முதல் வால்வின் தலையில் கரி போனதும் மூன்று புள்ளி தெரிந்தது. அவர் அதைத் துடைத்து நீட்ட, சாமுவேல் கையால் வாங்கி, மூன்றாவது சீட்டின் பக்கத்தில் வைத்தார். அடுத்ததுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் என் கடைக்குத் திரும்பினேன். அந்தத் தடவை அவர் பேஸ்ட் வாங்கவில்லை.